வருமானம் முந்தியா? வைத்தியம் முந்தியா?

"முதலில் தேசத்தின் வருமானம் பெருகட்டும், வைத்தியம் தானாய் வரும்" என்று பெரிய மனிதர்கள் சொல்லுகிறார்கள். வருமானம் பெருகினால் வைத்தியச் செலவும் பெருகும் என்பது வாஸ்தவந்தான். ஆனால் அச்செலவு யார் பையிலிருந்து போகிறது? சர்க்கார் கொடுக்காவிட்டால், ஏழை தன் ஏர்மாட்டை விற்றல்லவா கொடுக்க வேண்டும்!

ஆப்பிரிக்காவில் ஈக்வடோரியல் கினியா என்றொரு சிறு தேசம். 1990களில் அங்கு எண்ணெய் பெருகிப் பணம் குவிந்தது. ஆனாலும் சர்க்கார் வைத்தியத்திற்கு ஒதுக்கியது சொற்பமே. பெரும்பங்கை நோயாளிகளே கொடுத்தார்கள்.

தாய்லாந்தையும் பாருங்கள். 1997ல் அதன் நாணயம் சரிந்தது, தொழில்கள் படுத்தன. பணக்கார தேசமாகட்டும் என்று அது காத்திருந்ததா? இல்லை. வேறெந்த வைத்தியத் திட்டத்திலும் சேராத குடியானவனுக்கும் கூலிக்காரனுக்கும், தடவைக்கு 30 பாட் கட்டணத்தில் சிகிச்சை என்று ஏற்பாடு செய்து, 2002ல் சட்டமும் இயற்றிற்று. பரம ஏழைகளுக்கு அந்த 30ம் இல்லை. மீதியெல்லாம் வரிப்பணம்.

ஆகவே தோழர்களே! வைத்தியமின்றிப் பிள்ளை செத்தால் "தலைவிதி" என்பதும், "தேசம் ஏழை" என்பதும் ஒரே மாதிரிச் சமாதானந்தான். வரிப்பணம் எங்கே போயிற்று என்று கேளுங்கள்!