இடர்காலத்தில் கட்டடத்துறையும் கணினியும்
(நூற்றாண்டு விழாக் கருத்தரங்கில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கட்டடத்துறையில் புதிய தொழில்நுட்பம் பற்றிப் பேசும்படி கேட்டார்கள். நான் தொழிலால் கணிய அளவையாளர். ஒரு கட்டடத்துக்கு எவ்வளவு சீமெந்து, எவ்வளவு கம்பி, எவ்வளவு கூலி என்று கணக்கிட்டு, கட்டி முடியும்வரை அந்தக் கணக்கைக் காப்பாற்றுவது என் வேலை. ஆகவே, இயந்திர மனிதன் செங்கல் அடுக்கும் கதையை என்னிடம் எதிர்பார்க்காதீர்கள். நான் சொல்லப்போவது ஒருகொடவத்தைக் கதை.

கொட்டாஞ்சேனையில் வளர்ந்தவர்களுக்கு ஒருகொடவத்தை என்றால் கொள்கலன் லொறிகளும் புழுதியும்தான் நினைவுக்கு வரும். வெளிநாட்டிலிருந்து இப்போது வருபவர்கள் அந்த இடத்தை வேறு விதமாகப் பார்த்திருப்பீர்கள். விமான நிலையத்திலிருந்து வரும்போது புதிய களனிப் பாலத்தில் ஏறி ஒருகொடவத்தைப் பக்கம் இறங்கியிருப்பீர்கள். ஜப்பானியக் கடனுதவியில் கட்டப்பட்டு, 2021 நவம்பர் 24 ஆம் திகதி திறக்கப்பட்ட ஆறு வழிப் பாலம். ஆற்றைக் கடக்கும் பகுதி மட்டும் 380 மீற்றர். அதன் கட்டுமானத்தின் நடுவில்தான் 2020 மார்ச் 20 ஆம் திகதி நாடு முழுவதும் ஊரடங்குச் சட்டம் வந்தது. அப்படியிருந்தும் அது கட்டி முடிக்கப்பட்டது. பெரிய திட்டங்களுக்குப் பெரிய நிறுவனங்கள் இருக்கின்றன; திட்டமிடும் மென்பொருளும் அதற்கென ஆட்களும் இருக்கிறார்கள்.

அந்தப் பாலத்துக்குக் கிட்டவே அதே காலத்தில் ஒரு சாதாரணக் களஞ்சியக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. ஒப்பந்தக்காரர் சிறியவர். மேற்பார்வைக்கு ஓர் இளம் பொறியியலாளர், பதினைந்து தொழிலாளர், கணக்குக்கு நான். அங்கே வந்த ‘டிஜிட்டல் புரட்சி’யை யாரும் விலை கொடுத்து வாங்கவில்லை. அது வட்ஸ்அப்.

சிரிக்காதீர்கள். எமது ஒப்பந்தங்கள் பலவற்றுக்கும் அடிப்படை பிடிக் நிபந்தனைகள். அவற்றின் 1999 ஆம் ஆண்டுப் பதிப்பின்படி, தாமதத்துக்கான காரணம் தெரிந்த 28 நாட்களுக்குள் ஒப்பந்தக்காரர் அறிவித்தல் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் மேலதிக காலமும் இல்லை, பணமும் இல்லை. ஊரடங்கு எல்லோருக்கும் தெரிந்த விடயம்தானே, அதை எழுதிக் கொடுக்க வேண்டுமா என்று பல சிறிய ஒப்பந்தக்காரர்கள் இருந்துவிட்டார்கள். நாடே அறிந்த செய்தி என்பதற்காக அது ஒப்பந்தத்தில் அறிவித்தலாகிவிடாது. எந்த நாளில் எத்தனை பேர் வேலைக்கு வந்தார்கள், எந்த லொறி திரும்பிப் போனது, எந்தச் சுவர் எவ்வளவில் நின்றது என்பதெல்லாம் அன்றன்றே பதிவாக வேண்டும்.

எங்கள் களஞ்சியத்தில் அந்தப் பதிவை வைத்திருந்தவர் பொறியியலாளர் அல்லர். ஹற்றன் பக்கத்திலிருந்து வந்த மேசன் பாஸ் ஒருவர். அவருக்கு ஆங்கிலப் படிவம் நிரப்பத் தெரியாது. ஆனால் ஒவ்வொரு நாளும் மாலை நான்கரைக்கு, தமிழில் ஒரு குரல் செய்தியும் நான்கு படங்களும் அனுப்புவார். “மிஸ், இன்னைக்கு ஏழு பேர். மணல் வரல்ல. தூண் மூணு முடிஞ்சது.” அவ்வளவுதான். நாளும் நேரமும் தானாகவே பதிந்திருக்கும். மேலதிக காலத்துக்கான கோரிக்கையை நாங்கள் எழுதியபோது, அந்தச் செய்திகள்தான் எமக்குச் சாட்சி. கோரிக்கை ஏற்கப்பட்டது.

இதே வேலைக்கென்று அழகான செயலிகள் சந்தையில் இருக்கின்றன. நான் பார்த்தவற்றில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் மட்டும். கட்டடத்தில் நடப்பதை நேரில் அறிந்தவர் எழுத முடியாத செயலியில், அறியாதவர்தான் எழுதுவார். மென்பொருள் வாங்கப் பணமில்லை என்று பலர் குறைப்படுகிறார்கள். என் பார்வையில் பணம் இரண்டாவது தடைதான்.

பிறகு 2022 வந்தது. 2021 இல் ஆயிரம் ரூபா அளவில் இருந்த 50 கிலோ சீமெந்துப் பை, அடுத்த ஆண்டில் மூவாயிரத்தைத் தாண்டியது. டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை ஏறியது. விலை வாரத்துக்கு வாரம் மாறும்போது கையால் அளந்த கணக்கு, தட்டச்சாகி வரும் முன்பே பழசாகிவிடும். கட்டடத்தைக் கணினியில் முப்பரிமாண மாதிரியாக வரைந்து, அதிலிருந்தே அளவுகளை எடுக்கும் முறையின் அருமை அப்போதுதான் பலருக்கு விளங்கியது. கூரையைப் பத்து அடி குறைத்தால் எவ்வளவு மிச்சம் என்று உரிமையாளர் கேட்டால், முன்பு நாலைந்து நாட்கள். இப்போது ஒரு பிற்பகல். அந்தக் கணக்கைப் பார்த்துக் கட்டடத்தைச் சுருக்கியவர்கள் கட்டி முடித்தார்கள். பழைய கணக்கை நம்பி இருந்தவர்களின் தூண்கள் கொழும்பில் இன்னும் கம்பி நீட்டிக்கொண்டு நிற்கின்றன.

ஆனால் அதே மார்ச் மாத இறுதியில் மின்வெட்டு நாளுக்கு 13 மணித்தியாலம் வரை போனதையும் மறக்கக்கூடாது. இணையத்தில் மட்டும் வைத்திருந்த வரைபடம் மின்சாரம் வரும்வரை வராது. நாங்கள் கடதாசியில் அச்சிட்டதும் வைத்திருந்தோம். எரிபொருள் இல்லாமல் பொறியியலாளர் வரமுடியாத நாட்களில், கைபேசிக் காணொளியில் வேலையைப் பார்த்தோம். கம்பி கட்டிய இடைவெளியை அப்படிப் பார்க்கலாம். கொங்கிரீட்டில் தண்ணீர் கூடிவிட்டதா என்று அப்படிப் பார்க்க முடியாது. அதற்கு அங்கே ஒரு மனிதர் நிற்க வேண்டும், கூம்பு வைத்துச் சோதிக்க வேண்டும். கொங்கிரீட் போடும் நாளில் காணொளி போதாது என்று நான் பிடிவாதமாக இருந்தேன். ஒரு தடவை பொறியியலாளர் கொலன்னாவையிலிருந்து துவிச்சக்கர வண்டியில் வந்து சேர்ந்தார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். முகத்தைப் படம் பிடித்து வரவு பதியும் கருவிகள் இப்போது வந்துவிட்டன. மழையில் வேலை நின்ற இரண்டு மணித்தியாலத்தையும் அது துல்லியமாகக் காட்டும். ஒப்பந்தக்காரர் அதை வைத்து மேலதிக காலம் கேட்கலாம்; அதே பதிவை வைத்து நாட்கூலியையும் வெட்டலாம். வெட்டியதை நான் கண்டிருக்கிறேன். அந்தப் பதிவின் ஒரு பிரதி தொழிலாளியின் கைபேசிக்கும் போகவேண்டும் என்பதை இப்போது நான் தயாரிக்கும் ஒவ்வொரு உடன்படிக்கையிலும் சேர்க்கச் சொல்லிக் கேட்கிறேன். சிலர் சேர்க்கிறார்கள்.

2022 இல் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வேலைக்காக நாட்டை விட்டுப் போனார்கள். எங்கள் ஹற்றன் பாஸும் கட்டாருக்குப் போய்விட்டார். மறுபக்கம், வெள்ளவத்தையில் ஒரு மாடி வீட்டு அறையில் இருந்துகொண்டு, லண்டன் கட்டடங்களுக்கு அளவெடுக்கும் எங்கள் தங்கைமார் இருக்கிறார்கள். பிரித்தானிய அரசு 2016 ஏப்ரலில் தன் திட்டங்களுக்கு இந்த மாதிரி முறையைக் கட்டாயமாக்கியபின், அங்கே இத்தகைய வேலை பெருகியது. எம் பெண்பிள்ளைகளுக்கு இது நல்ல வாய்ப்பு. இரவில் தூரப் பயணமும் இல்லை. ஆனால் ஒரு சுவரையும் தொட்டுப் பாராமலே ஐந்து வருடம் அளவெடுத்தவரை நான் சந்தித்திருக்கிறேன். திரையில் இரண்டு குழாய்கள் மோதுவது அவருக்குத் தெரிகிறது. அந்த மூலைக்குள் மேசனின் கை போகுமா என்பது தெரியவில்லை.

அதனால் லண்டன், ரொறன்ரோ, சிட்னி, சிங்கப்பூரில் நிறுவனங்களில் பொறுப்பில் இருக்கும் அக்காமாரிடம் ஒரு வேண்டுகோள். கொழும்புப் பிள்ளைகளுக்கு வேலை அனுப்பும்போது, மாதத்தில் இரண்டு நாள் அவர்கள் இங்குள்ள கட்டுமான இடத்தில் நிற்பதற்கும் சேர்த்துச் சம்பளம் கொடுங்கள். இடம் ஒழுங்கு செய்து தருவது என் பொறுப்பு. உயர்தர வகுப்புத் தங்கைமாரில் விருப்பமுள்ளவர்கள் சனிக்கிழமை காலை என்னுடன் வரலாம். பெற்றோரின் கடிதமும் கட்டைச் சப்பாத்தும் வேண்டும், தலைக்கவசம் நான் தருவேன்.