உயரமும் நிலையும்



திருகோணமலை மாவட்டத்திலே, கிண்ணியாவை அடுத்துள்ள குறிஞ்சாக்கேணி எனது ஊர். ஒரு கொடியின் பெயரும் ஒரு நீர்நிலையின் பெயரும் கூடி அமைந்தது அவ்வூர்ப் பெயர். நீருக்கும் எங்களுக்கும் உள்ள உறவு பெயரளவில் நின்றுவிடுவதன்று. மகாவலி கங்கை கொட்டியாரக் குடாவிலே கடலோடு கலப்பது எங்கள் பக்கத்திலேதான். வடகீழ்ப் பருவமழை தொடங்கியதும் வயல் வீதிகள் சேறாகும். வாய்க்கால் ஓரங்கள் கரையும். நேற்றுப் பாதையாக இருந்த இடம் இன்று குளமாக இருக்கும். 2025 நவம்பர் இறுதியிலே தித்வா புயலோடு வந்த வெள்ளத்தைக் கண்டவர்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

இத்தகைய நிலத்திலே வாழ்ந்த எங்கள் முன்னோர், மாட்டுவண்டிச் சக்கரத்தைப் பெரிதாகவே செய்தனர். சிறிய சக்கரம் பள்ளத்திலே விழுந்து நின்றுவிடும். பெரிய சக்கரமோ அப்பள்ளத்தை ஏறிக் கடந்துவிடும். கணக்கு நூல் கல்லாத தச்சருக்கும் தெரிந்த உண்மை இது. இன்று அதே உண்மையை எங்கள் இளைஞர்கள் வேறொரு வண்டியிலே தேடுகின்றனர். டபுள் கெப் என்று நாம் வழங்கும் பிக்கப் வண்டியின் முன்பாகத்தை உயர்த்தி, அதனிலும் பெரிய டயர்களைப் பூட்டுகின்றனர். 2020 மார்ச்சிலே வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டுத் தனியார் வாகனங்கள் 2025இன் தொடக்கத்திலேதான் மீண்டும் அனுமதிக்கப்பட்டன. இடைப்பட்ட ஆண்டுகளிலே புதிய வண்டி வாங்க இயலாதவர்கள், இருந்த பழைய வண்டியையே தம் தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ள முயன்றது இயல்பே. அவர்களைக் குறை கூறுவது என் நோக்கமன்று. குறை கூறத்தக்கவன் ஒருவன் உண்டெனில், அவன் நானே. ஏன் என்பதைச் சொல்கிறேன்.

என்னிடம் படித்த மாணவர் ஒருவர் இப்பொழுது நெற்செய்கை பண்ணுகின்றார். அவரும் தம் வண்டியை உயர்த்தினார். பள்ளி வாயிலிலே கொண்டுவந்து நிறுத்தி, “சேர், இனி எந்தச் சேறும் என்னைத் தடுக்காது” என்றார். அவருடைய மகிழ்ச்சி எனக்கும் மகிழ்ச்சியாக இருந்தது. சில நாட்களிலே எங்கள் பிள்ளைகள் சிலர் அயலூரிலே விளையாட்டுப் போட்டிக்குச் செல்ல வேண்டியிருந்தது. பஸ் ஒழுங்காகவில்லை. அவர் தம் வண்டியைத் தருவதாகச் சொன்னார். அனுமதித்தவன் நான். எட்டுப் பிள்ளைகள் பின்தட்டிலே நின்றுகொண்டு சென்றனர்.

குளக்கட்டை ஒட்டிய வீதியிலே குறுக்கே ஒரு மாடு வந்தது. ஓட்டுநர் சட்டென்று திருப்பினார். மீண்டும் மறுபக்கம் திருப்பினார். வேகம் மிகுதியில்லை. ஆயினும் வண்டியின் ஒரு பக்கச் சக்கரங்கள் இரண்டும் நிலத்தை விட்டெழுந்தன; வண்டி மெல்லச் சரிந்து வயற்சேற்றிலே பக்கவாட்டாகப் படுத்தது. சேறு மெத்தையாக இருந்தமையால் உயிர்கள் தப்பின. ஒரு சிறுவனுக்குக் கை முறிந்தது.

அன்று மாலை வைத்தியசாலையிலே அவனுடைய தாய் என்னைப் பார்த்துச் சொன்ன சொல் இன்றும் என் நெஞ்சைவிட்டு நீங்கவில்லை. “தண்ணிக்குப் பயந்துதான் சேர் தரையில அனுப்பினேன்” என்றார். 2021 நவம்பர் 23ஆந் திகதி, குறிஞ்சாக்கேணிப் பாலம் புனரமைக்கப்பட்டுக்கொண்டிருந்த காலத்திலே, மக்களை ஏற்றிச்சென்ற மிதப்புப் பாதை கவிழ்ந்தது. பள்ளிக்குச் சென்ற பிள்ளைகளும் அன்று மாண்டனர். அந்நாள் முதல் எங்கள் தாய்மார்கள் நீரை நம்புவதில்லை, சக்கரத்தையே நம்புகின்றனர். அந்த நம்பிக்கையை ஆராயாமல் ஏற்றவன் நான் என்ற எண்ணம் என்னை வாட்டியது. நான் கலைப் பட்டதாரி, பொறியியல் பயின்றவனல்லேன். எனினும் நடந்தது ஏன் என்பதை அறியாமல் இருக்கலாகாது என்று துணிந்து, எங்கள் பகுதியிலே நெடுநாளாகக் கராஜ் நடத்தும் முதியவர் ஒருவரிடம் மாணவனாகச் சென்று அமர்ந்தேன்.

அவர் முதலில் டயரைக் காட்டினார். அதன் பக்கத்திலே 265, 70, 16 என்று மூன்று எண்கள் இருந்தன. முதலாவது டயரின் அகலம், மில்லிமீற்றரிலே. இரண்டாவது, அந்த அகலத்திலே நூற்றுக்கு எழுபது பங்கு டயர்ச் சுவரின் உயரம் என்பது. மூன்றாவது உள்வளையத்தின் விட்டம், அங்குலத்திலே. கணக்கிட்டால் முழுச் சக்கரத்தின் உயரம் 777 மில்லிமீற்றர் ஆகிறது. என் மாணவர் பூட்டியதோ 285, 75, 16. அதன் உயரம் 834 மில்லிமீற்றர். வேறுபாடு ஏறக்குறைய 57. ஆனால் அச்சு சக்கரத்தின் நடுவிலே இருப்பதனால், வண்டி உயர்வது அதிற் பாதியே. அதாவது 28 மில்லிமீற்றர். இரு விரலகலமும் தேறாத இவ்வுயரத்துக்காகவே இத்தனை மாற்றங்கள்!

பெரிய சக்கரம் மட்கார்டிலே உரசுமாதலால் வண்டியின் முன்பாகத்தை உயர்த்த வேண்டியதாகிறது. சஸ்பென்சன் எனப்படும் அமைப்பிலே, சில வண்டிகளுக்குச் சுருள்வில் உண்டு. அதன் தலையிலே ஒரு கட்டையை வைத்து உயர்த்துவர். வேறு சில வண்டிகளிலே சுருளுக்குப் பதிலாக நீண்ட உருக்குத் தண்டு ஒன்று முறுக்குண்டு நின்று பாரத்தைத் தாங்கும். டோர்ஷன் பார் என்பது அதன் பெயர். அதன் பின்முனையிலுள்ள திருகாணியை இறுக்கினால் வண்டி எழும்பும். கட்டணம் குறைவு, வேலை அரை நாள். ஆகவே பலரும் இதனையே நாடுகின்றனர்.

ஆனால் முதியவர் சொன்னார்: சக்கரம் மேலே எழவும் கீழே இறங்கவும் ஓர் எல்லை உண்டு. வண்டியை உயர்த்தும்போது கீழே இறங்குவதற்கான இடத்தை நாம் முன்னரே செலவழித்துவிடுகிறோம். பள்ளம் வந்தால் சக்கரம் இறங்கித் தரையைத் தொட இடமில்லை. முட்டுக்கட்டையிலே மோதி அந்தரத்திலே நிற்கும். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியாயின், முன்சக்கரத்தைச் சுழற்றும் தண்டின் மூட்டுக்கள் கூடிய கோணத்திலே வேலை செய்யும். அவற்றைப் போர்த்திய இறப்பர் உறை கிழியும். கிறீஸ் ஒழுகி மண் புகும். சக்கரங்கள் நிற்கும் சாய்வும் மாறும். எலைன்மென்ட் செய்யாவிடின் டயரின் ஒரு விளிம்பு மட்டும் விரைவிலே தேயும். முன்விளக்கு எதிரே வருபவரின் கண்ணிலே அடிக்கும்.

வேகமானியும் பொய் சொல்லத் தொடங்கும். பெரிய சக்கரம் ஒரு சுற்றிலே கூடிய தூரம் செல்வதால், மானி 60 என்று காட்டும்போது வண்டி 64 கிலோமீற்றர் வேகத்திலே ஓடும். பிரேக்கோ பழைய பிரேக்தான். அதே அழுத்தத்துக்கு நிறுத்தும் வலு நூற்றுக்கு ஏழு பங்கு குறையும். வேகம் கூடுகிறது, நிறுத்தும் ஆற்றல் குறைகிறது, இரண்டையும் ஓட்டுபவர் அறியார்.

எல்லாவற்றினும் பெரிது, நிலைகுலைவு. இதனை ஒரு கணக்கினாலே காட்டலாம். இடது சக்கரத்துக்கும் வலது சக்கரத்துக்கும் இடையே ஒன்றரை மீற்றர் என வைத்துக்கொள்வோம். அதிற் பாதி 75 சென்ரிமீற்றர். வண்டியின் பாரமையம் நிலத்திலிருந்து 70 சென்ரிமீற்றர் உயரத்திலே இருக்கட்டும். 75ஐ 70ஆல் வகுத்தால் ஒன்றுக்குச் சற்று மேல். பக்கத்திலிருந்து எவ்வளவு விசை வந்தால் வண்டி கவிழும் என்பதற்கு இவ்வெண் ஓர் அளவுகோல். அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் 2001 முதல் வாகனங்களைத் தரப்படுத்த இவ்வளவையே அடிப்படையாகக் கொண்டது. இப்பொழுது டயரினால் 28 மில்லிமீற்றரும், முன்னும் பின்னும் வில்லை உயர்த்தியதனால் 50 மில்லிமீற்றரும் சேருமாயின், பாரமையம் ஏறக்குறைய 78 சென்ரிமீற்றர் ஆகிறது. 75ஐ 78ஆல் வகுத்தால் ஒன்றுக்குக் கீழே! அதன் மேலே எட்டுப் பிள்ளைகள் நின்றால், அவர்களுடைய பாரம் இன்னும் உயரத்திலன்றோ இருக்கும்? என் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. மாடு ஒரு முகாந்தரம், கவிழ்த்தது உயரம், அவ்வுயரத்தின் மேலே பாரத்தை ஏற்றியது என் அனுமதி.

அப்படியானால் வண்டியை உயர்த்தவே கூடாதா என்று நேயர்கள் கேட்கலாம். முதியவர் அவ்வாறு சொல்லவில்லை. சேற்றுக்கு உயரத்திலும் டயரின் பிடிப்பே முதன்மையானது என்றார். அதே அளவிலே ஆழ்ந்த வெட்டுள்ள டயரைப் பூட்டினாலே வயல் வீதியிலே பெரும்பயன் உண்டு. உயர்த்தியே தீர வேண்டுமாயின் சிறிதளவே உயர்த்த வேண்டும். உயர்த்திய அன்றே எலைன்மென்ட் பார்க்க வேண்டும். விளக்கைத் தாழ்த்த வேண்டும். மூட்டு உறைகளை மாதந்தோறும் சோதிக்க வேண்டும். மாற்றத்துக்கு முன்னர் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திலும் காப்புறுதி நிறுவனத்திலும் கேட்டறிவது அறிவுடைமை. விபத்து நேர்ந்த பின்னர்க் கேட்பதிலே பயனில்லை.

இன்னுமொன்று. உயர்ந்த வண்டி வெள்ளத்திலே செல்லும் என்ற துணிவு எங்கள் இளைஞரிடத்தே வளர்கிறது. நிற்கும் நீர் வேறு, ஓடும் நீர் வேறு. இரண்டடி ஆழத்திலே விரைந்தோடும் நீர், பிக்கப் வண்டியையும் இழுத்துச் செல்லவல்லது. பெரிய டயர் காற்றடைத்த பொருள் என்பதையும் மறத்தலாகாது. அது நீரிலே மிதக்கவே விரும்பும்.

என் மாணவர் தம் வண்டியைப் பழைய உயரத்துக்கு இறக்கிவிட்டார். டயரை மட்டும் சேற்றுக்கேற்றதாக மாற்றியுள்ளார். கடந்த பெரும்போகத்திலே அதே வீதியிலே நெல்மூட்டை ஏற்றி வந்ததைக் கண்டேன். மூட்டைகள் தாழ்வாக அடுக்கப்பட்டிருந்தன. எங்கள் பள்ளிப் பிள்ளைகள் பின்தட்டிலே செல்வதை நான் நிறுத்திவிட்டேன். பஸ் கிடைக்காத நாளிலே போட்டியும் இல்லை. பிள்ளைகளுக்கு வருத்தந்தான். கை முறிந்த சிறுவன் இப்பொழுது நன்றாகப் பந்து வீசுகிறான். அவன் என்னைக் காணும்போதெல்லாம் சிரிக்கிறான். நான் அந்தக் கையைப் பார்க்கிறேன்.