மூன்று நாள் மலைநகர்ப் பயணம்

வாடைக் காற்று வீசத் தொடங்கியதும் சாய்ந்தமருதுக் கடற்கரையில் அலைகள் உயர்ந்து எழுகின்றன. தோணிகள் கரையேற்றப்படுகின்றன. நாட்கணக்கில் மழை பெய்கிறது. "இன்றைக்கு என்ன குளிர்!" என்று கூறிக்கொண்டே ஊரவர் சாரத்தை இழுத்துப் போர்த்திக்கொள்கின்றனர். ஆயினும், அந்த நள்ளிரவிலுங்கூட அங்கே வெப்பநிலை 22 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்குவது அரிது. குளிர் என்று அவர்கள் சொல்வது மழையின் ஈரத்தையேயன்றி, உண்மையான குளிரையன்று.

பாடசாலை விடுமுறை கிடைத்ததும் இதே மக்களுள் பலர் குடும்பத்தோடு நுவரெலியாவுக்குப் புறப்படுகின்றனர். இரண்டு இரவும் மூன்று பகலும் கொண்ட சிறு பயணம் அது. அதற்கு எவற்றை எடுத்துச் செல்வது, எவற்றை வீட்டில் விட்டுச் செல்வது என்னும் கேள்வி அற்பமானதாகத் தோன்றலாம். ஆனால், குழந்தை நடுங்கி அழ, முதியவர் இருமத் தொடங்க, ஆசையோடு சென்ற குடும்பம் முழுவதும் விடுதி அறைக்குள்ளேயே அடைந்து கிடந்து திரும்புவதும் உண்டு. குற்றம் மலையின்மீதன்று, பெட்டியை அடுக்கிய முறையின்மீதே.

நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் அமைந்துள்ளது. 1,000 மீற்றர் உயரம் ஏறுந்தோறும் காற்றின் வெப்பம் சராசரியாக 6.5 பாகை குறைகிறது. எனவே, கடற்கரையை விட்டு அந்நகரை அடைபவர் ஒரே நாளில் ஏறக்குறைய 12 பாகை வெப்பத்தை இழந்துவிடுகிறார். இக்குளிர்ச்சியைக் கருதியே 1820களில் தேசாதிபதி எட்வேட் பான்ஸ் அவ்விடத்தை ஆங்கிலப் படையினர் உடல்நலம் தேறும் இடமாக வளர்க்க முற்பட்டார். குளிர்நாட்டில் பிறந்த அவர்களுக்கு அது தாயகத்தை நினைவூட்டியது. கடற்கரையில் பிறந்தவருக்கோ அது முற்றிலும் புதிய அனுபவம்.

அக்குளிரும் ஒரே தன்மையதன்று. டிசம்பரில் முகிலும் மழையும் மிகுதி. அது ஈரக் குளிர். சனவரி, பெப்ரவரி மாதங்களில் வானம் தெளிந்திருக்கும் இரவுகள் பல. பகலில் பெற்ற வெப்பத்தை நிலம் இரவில் வானவெளிக்கு விடுகிறது. முகில் இருந்தால் அது போர்வைபோல் அவ்வெப்பத்தின் ஒரு பகுதியைத் தடுத்து நிறுத்தும். முகில் இல்லாத இரவில் தடுப்பதற்கு எதுவுமில்லை. ஆகவேதான் அம்மாதங்களில் சில விடியற்காலைகளில் புல்மீது வெண்மையான உறைபனி காணப்படுகிறது. டிசம்பரில் செல்பவர் மழையையும், சனவரியில் செல்பவர் பனியையும் முதன்மையாகக் கருதவேண்டும்.

இனி, உடைக்கு வருவோம். உடை வெப்பத்தை உண்டாக்குவதில்லை; உடல் உண்டாக்கும் வெப்பத்தைக் காப்பது மட்டுமே அதன் தொழில். அதையும் செய்வது பெரும்பாலும் துணியன்று. துணிகளுக்கிடையே அசையாது நிற்கும் காற்றே ஆகும். ஆதலால், கனத்த ஓர் உடையைக் காட்டிலும் மெல்லிய மூன்று உடைகள் மேலானவை. வெயில் ஏறும்போது ஒன்றைக் களையலாம். மாலையில் மீண்டும் அணியலாம். மருதமுனைத் தறிகளில் நெய்த பருத்திச் சாரமும் சேலையும் கடற்கரை வெக்கைக்கு இணையற்றவை. ஆனால், நனைந்த பருத்தி உடல் வெப்பத்தை விரைவில் இழக்கச் செய்யும். நனைந்த கம்பளியோ ஓரளவு வெப்பத்தைக் காக்கும். எனவே, உள்ளே உடலோடு ஒட்டிய சட்டை, நடுவே கம்பளிச்சட்டை, வெளியே காற்றும் மழையும் புகாத மேலங்கி என்ற வரிசை ஒவ்வொருவருக்கும் வேண்டும்.

இவற்றுடன் ஆளுக்கு மூன்று சோடி காலுறை, காதை மூடும் குல்லா ஒன்று, மூடிய சப்பாத்து ஒரு சோடி, இரவு உடுப்பு ஒன்று, மாற்றுடை இரண்டு ஆகியவை போதும். குடை ஒன்றை இருவர் பகிர்ந்துகொள்ளலாம். துவாய் மட்டும் ஆளுக்கு இரண்டு இருத்தல் நன்று. சுபஹுத் தொழுகைக்காக அக்குளிர் நீரில் வுழுச் செய்பவர் உடனே கைகால்களைத் துடைத்து உலர்த்திக்கொள்ள வேண்டுமன்றோ? முதல் நாள் நனைந்த துவாய் அங்கே மறுநாள் காலையில் உலர்ந்திருக்காது.

பெட்டிக்குள் வைக்கும் ஒழுங்கும் முக்கியமானது. சாய்ந்தமருதிலிருந்து அம்பாறை, மகா ஓயா, பிபிலை, பசறை வழியாகப் பதுளையை அடைபவர் அங்கே ஏறக்குறைய 680 மீற்றர் உயரத்தில் இருப்பார். அதுவரை பெரிய குளிர் தெரியாது. வெலிமடையைக் கடந்து ஹக்கலையை நோக்கி ஏறும்போதே குளிர் பிடித்துக்கொள்கிறது. அந்நேரம் கம்பளிச்சட்டைகள் வண்டியின் பின்புறத்தில், பெட்டியின் அடியில் கிடந்தால் பயன் யாது? அவை கைப்பையில் இருத்தல் வேண்டும். வளைவு மிகுந்த பாதையில் தலைசுற்றும் வாந்தியும் வருதல் இயல்பு. அதற்கான மருந்தும் கடதாசிப் பைகளும் கைப்பையிலேயே இருக்கட்டும்.

முதியவரும் இழைப்பு நோயுடையவரும் நாள்தோறும் எடுக்கும் மருந்துகளை இரண்டு நாட்களுக்கு மேலதிகமாகக் கொண்டுசெல்லுதல் நலம். பச்சிளங் குழந்தைகளுக்கு வெளியில் குல்லாவும் காலுறையும் அவசியம். உறங்கும்போது முகத்தின்மேல் போர்வை படலாகாது. இன்னுமோர் எச்சரிக்கை உயிரோடு சம்பந்தமுடையது. குளிருக்கு அஞ்சிக் கதவு சன்னல்களை அடைத்துவிட்டு அறைக்குள் கரி அடுப்பை மூட்டுதல் ஒருபோதும் கூடாது. எரியும் கரியிலிருந்து காபனோரொட்சைட்டு என்னும் நச்சுவாயு வெளிவருகிறது. அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. உறங்குபவர் உறக்கத்திலேயே உயிரிழக்க நேரும்.

விட்டுச் செல்லவேண்டியவையும் சில உள. வளைகுடா நாடுகளில் தொழில் புரிந்து திரும்பியோர் கொண்டுவந்த கனத்த போர்வைகள் பல வீடுகளில் இருக்கின்றன. அப்போர்வை ஒன்றே ஒரு பெட்டியை நிரப்பிவிடும். விடுதியில் போர்வை உண்டா என்பதை முன்கூட்டியே கேட்டறிந்துகொண்டால் அச்சுமை தேவைப்படாது. நிழற்படத்திற்கென்று எடுத்துவைக்கும் பட்டாடைகளும் அப்படியே. ஏதேனும் குறைந்தால் நுவரெலியாக் கடைத்தெருவிலேயே குளிருடுப்புகளை வாங்கிக்கொள்ளலாம்.

எல்லாவற்றுக்கும் மேலாகக் கொண்டுசெல்ல வேண்டியது ஒன்றுண்டு. அது பயணத்தைத் தள்ளிவைக்கும் துணிவு. 2025 ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் வீசிய டித்வா சூறாவளியால் பதுளை, நுவரெலியா, கண்டி மாவட்டங்களில் மண்சரிவுகள் ஏற்பட்டன. நாடெங்கும் 600க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். 2004 டிசம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலையால் உறவினரை இழந்த சாய்ந்தமருது மக்கள் கடலின் குறிகளை நன்கு அறிவர். கடல் உள்வாங்கினால் மேட்டுக்கு ஓடவேண்டும் என்பதை இன்று சிறு பிள்ளையும் சொல்லும். மலைக்கும் அவ்வாறே குறிகள் உள. நிலத்தில் புதிய வெடிப்புத் தோன்றுதல், மரங்கள் திடீரெனச் சாய்தல், தெளிந்த ஊற்று நீர் சேறாகக் கலங்குதல் ஆகியவற்றைக் கண்டால் அவ்விடத்தை விட்டு உடனே அகலவேண்டும். புறப்படுமுன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைக் கேட்டறிவதும், இடர் வந்தால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தை 117 என்ற இலக்கத்தில் அழைக்கலாம் என்பதை நினைவிற் கொள்வதும் கடமையாகும். அறைக்குக் கட்டிய முற்பணம் போனால் போகட்டும். இன்னொரு விடுமுறை வரும்.

வானம் இடங்கொடுத்து, பெட்டியும் இலகுவாக இருந்தால் அம்மூன்று நாளும் இன்பமே. 1873 இல் அமைக்கப்பட்ட கிரகரி வாவியின் கரையில் விடியற்காலையில் நடக்கலாம். 1861 இல் சிங்கோனாச் செடி வளர்ப்பதற்கெனத் தொடங்கப்பட்ட ஹக்கலைப் பூந்தோட்டத்தில் ஒரு முற்பகலைக் கழிக்கலாம். வாயிலிருந்து வெளிவரும் மூச்சு புகைபோல் தெரிவதைக் கண்டு பிள்ளைகள் வியந்து சிரிப்பர். கதகதப்பான உடுப்போடு வெளியே நிற்கும் பிள்ளைக்குத்தான் அந்தச் சிரிப்பு வாய்க்கும். அதற்காகவே ஒரு மாலைப்பொழுதைச் செலவிட்டுப் பெட்டியைக் கவனமாக அடுக்கலாம்.