ஒளி ஏறியிறங்கும் விண்மீன் திரள்கள்



சித்தூரிலும் திருப்பதியிலும் குடியேறி வாழும் நமக்கு ஸ்ரீஹரிகோட்டா அயலூரன்று. 2022 முதல் அது திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்ததே. அங்கிருந்து 28-9-2015 அன்று ஏவப்பெற்ற அஸ்ட்ரோசாட், ஒரே பொருளை எக்ஸ் கதிரிலும் புறஊதா ஒளியிலும் ஒருங்கே நோக்க வல்லது. எக்ஸ் கதிரைக் காற்று மண்டலம் தடுத்துவிடும். ஆகவே வானிலேறியே காணவேண்டும். கண்ணுறும் ஒளிக்கோ ஜவ்வாது மலைக் காவலூர்த் தொலைநோக்கி போதும். மழைமேகம் கருணை காட்டினால்!

சில விண்மீன் திரள்களின் நடுவே பெருங்கருந்துளையும், அதனைச் சுற்றிச் சுழலும் வாயுத் தட்டும் உள. அங்கெழும் எக்ஸ் கதிர் சில மணி நேரத்திலேயே ஏறியிறங்குவதுண்டு. ஒளியினும் விரைந்து செல்வது யாதுமில்லை. எனவே அவ்வூற்று, ஒளி அச்சில மணியில் கடக்கும் தொலைவினும் பெரிதாயிருத்தல் இயலாது. ஏறத்தாழ நம் ஞாயிற்றுக் குடும்ப அளவே!

எக்ஸ் கதிர் தட்டைச் சுடவைக்க, கண்ணுறும் ஒளி பின்தங்கி மாறும் என்பது கொள்கை. 2014இல் என்.ஜி.சி. 5548 திரளில் அத்தாமதத்தை அளந்தபோது, தட்டு எதிர்பார்த்ததினும் ஏறத்தாழ மும்மடங்கு பெரிதாகத் தோன்றிற்று. கொள்கை பிழையோ, சூழ்ந்துள்ள வேறு வாயுவின் ஒளியும் கலந்ததோ? அறிஞரிடையே வழக்கு ஓயவில்லை. பின்னதே பொருத்தமெனக் கருதுகிறோம். ஆயினும் மாதக்கணக்கில் இடைவிடாத அளவை வேண்டும்.