சிறு தோணியிற் பாரம் வைக்கும் முறை

(நமது சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழ்ப்பாடம் சொல்லும் எமக்குத் தோணியைப் பற்றிப் பேச என்ன உரிமை உண்டு என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். எம் பாட்டனாரும் தந்தையாரும் வள்ளத்திற் சென்று மீன் பிடித்தவர்கள். ஏட்டுக் கல்வி எம்மைக் கரையில் நிறுத்திவிட்டது. ஆயினும், சென்ற ஆண்டு எமக்கு வந்த ஒரு கடிதம் இப்பொருளைக் குறித்துப் பேசுமாறு எம்மைத் தூண்டியது.

அதனை எழுதியவர் எம்மிடம் பயின்ற மாணாக்கர். நம் குலத்துப் பிள்ளை. இப்பொழுது கனடா நாட்டின் ஒண்டாரியோ மாகாணத்தில் தொழில் பார்க்கின்றார். ஏரிகள் நிறைந்த அம்மாகாணத்தில், அலுமினியத் தகட்டாற் செய்த சிறு தோணிகளில் மீன் பிடிப்பது பலர்க்கும் வழக்கம். இவரும் 14 அடி நீளமுள்ள தோணி ஒன்றை வாங்கி, நண்பர் இருவருடன் ஏரிக்குச் சென்றார். எஞ்சினை இயக்குதற்காகத் தாம் பின்பலகையை ஒட்டி அமர்ந்தார். பேச்சுத் துணைக்கென ஒருவர் அவர் அருகிலேயே அமர்ந்தார். எண்ணெய்த் தொட்டியும் பாட்டரியும் அங்கேயே இருந்தன. மூன்றாமவர் நடுவில் இருந்தார், முன்தலையில் யாருமில்லை.

விரைந்து சென்ற தோணி, மீன் கிடைக்கும் இடத்தை அடைந்ததும், வேகத்தைத் திடீரெனக் குறைத்தார். பின்னே தொடர்ந்து வந்த தோணியின் சொந்த அலையே தாழ்ந்திருந்த பின்பலகையின்மேல் ஏறி உள்ளே பாய்ந்தது. நடுவில் இருந்தவர் திடுக்கிட்டு எழுந்து நின்றார். தோணி கவிழ்ந்தது. மிதவைச்சட்டை அணியாத ஒருவர் குளிர்நீரில் இருமுறை மூழ்கி எழுந்தார். அவ்வழியே வந்த வேறொரு தோணியினர் மூவரையும் காத்தனர். கடிதத்தின் இறுதியில், “ஐயா, எங்கள் பாட்டனாருக்குக் கைப்பழக்கமாயிருந்த ஒன்றை நான் கேட்டுக்கொள்ளாமற் போனேன்” என்று எழுதியிருந்தார். அவ்வரியைப் படித்த நாள் முதல் எம் மனம் அமைதியுறவில்லை.

அன்பர்களே! இங்கு நாம் கவனிக்க வேண்டுவது ஒன்று உண்டு. அத்தோணி நால்வரை ஏற்றத் தக்கது, சென்றவர் மூவரே. ஆகவே பாரம் மிகுந்ததனால் விளைந்த கேடு அன்று இது. மயிலிறகேயாயினும் அளவு கடந்து ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்பது வள்ளுவர் நமக்குக் காட்டிய உண்மை. அளவு கடவாத பாரமும் இடம் மாறி வைக்கப்படின் கேடு செய்யும் என்பது இக்கடிதம் காட்டும் உண்மை.

இதன் காரணத்தைச் சிறிது ஆராய்வோம். மிதக்கும் பொருள் தன் எடைக்குச் சமமான நீரை விலக்குகிறது என்பது ஆர்க்கிமிடீசு கண்ட விதி. தோணி ஒருபக்கம் சாயும்போது அப்பக்கத்து அடிப்பாகம் மிகுதியாக அமிழ்ந்து மிகுதியான நீரை விலக்கும். அந்நீர் மேல்நோக்கித் தள்ளித் தோணியை நிமிர்த்தும். ஆனால் ஏறியிருக்கும் பாரத்தின் நடுப்புள்ளி மிக உயர்ந்தாலும், ஓரத்திற்கு மிக நகர்ந்தாலும், நிமிர்த்தும் ஆற்றல் தோற்றுவிடும். பிரெஞ்சு நாட்டறிஞர் பியேர் பூகே 1746-ஆம் ஆண்டில் வெளியிட்ட கப்பல் நூலில் இவ்வெல்லையைக் கணித்து, அதற்கு மெட்டாசென்டர் எனப் பெயரிட்டார்.

அலுமினியத் தோணியில் இது கூர்ந்து நோக்கத்தக்கது. ஏனெனின், 14 அடித் தோணியின் எடை ஏறக்குறைய 100 கிலோ. அதில் ஏறும் மூவரின் எடை, ஆளுக்கு 70 கிலோவாக 210 கிலோ. எஞ்சின் 50 கிலோ. எண்ணெயும் பாட்டரியும் 40 கிலோ. ஆக மொத்தம் 400 கிலோ. தோணியைக் காட்டிலும் ஏறியவரே இருமடங்கு கனமாயினர். ஆதலின் தோணி மனிதரைச் சுமக்கிறது என்பதினும், மனிதர் அசைந்தபடி தோணி அசைகிறது என்பதே பொருந்தும்.

அம்மூவருள் ஒருவர் எழுந்து நின்றால் அவர் உடலின் பாரம் ஏறக்குறைய 40 சென்டிமீட்டர் உயரும். கணக்கிட்டால் மொத்தப் பாரத்தின் நடுப்புள்ளி 7 சென்டிமீட்டர் மேலேறும். அவரே ஓரத்திற்கு 40 சென்டிமீட்டர் நகர்ந்தால் அது 7 சென்டிமீட்டர் பக்கத்திற்கு விலகும். தூண்டிலில் அகப்பட்ட மீனைக் காண மூவரும் ஒரே பக்கம் சாய்ந்தாலோ 21 சென்டிமீட்டர் விலகும். மொத்தம் 2,000 கிலோ எடையுள்ள மரத்தோணியில் ஒருவர் அவ்வாறே நகர்ந்தால் விலகுவது 1.4 சென்டிமீட்டரே. கனத்த தோணி பொறுத்துக்கொள்ளும் பிழையை இலேசான தோணி பொறாது.

இனி, நீளவாட்டில் நோக்குவோம். நம் மாணாக்கரின் தோணியில் இருவர், எஞ்சின், எண்ணெய், பாட்டரி ஆகிய 230 கிலோ பின்தலையிற் குவிந்தது. மொத்தத்தில் பாதிக்கு மேல். அதனால் அணியம் மேலெழுந்து எதிரில் உள்ளது மறைந்தது; பின்பலகை நீர்மட்டத்தை அணுகியது. இதற்கஞ்சிப் பாரம் முழுவதையும் அணியத்தில் வைப்பதும் தவறு. அணியம் அலைக்குள் புகும். தோணியும் திருப்பியவழித் திரும்பாது. எஞ்சினும் அதனை இயக்குபவரும் பின்னே இருக்க, பாட்டரியையும் எண்ணெயையும் இயன்றவரை முன்னே கொணர்தல் வேண்டும். இரண்டாமவர் நடுவிலும் மூன்றாமவர் அதற்கு முன்னும் அமர வேண்டும். அமைதியான நீரில் தோணி ஏறக்குறைய மட்டமாக நிற்பதே சரியான அடையாளம்.

அடியில் தேங்கும் நீரையும் சிறிதென எண்ணற்க. 50 லிட்டர் நீர் 50 கிலோப் பாரம். வைத்த இடத்தில் நில்லாமல், தோணி சாயும் பக்கமே ஓடிச் சாய்வை மிகுவிக்கும் பாரம் அது. ஆதலின் அதனை அவ்வப்போது இறைத்துவிடல் வேண்டும். கட்டாத நங்கூரமும் உருளும் பெட்டியும் அத்தகையனவே. நங்கூரத்தை அணியத்திலிருந்தே இறக்குக. பின்தலையில் கட்டினால் கயிறு பின்பலகையைக் கீழிழுக்க, அலை உள்ளே ஏறும்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1972-ஆம் ஆண்டு முதல், 20 அடிக்குக் குறைந்த தோணிகளிற் பெரும்பாலானவற்றில், ஏற்றத்தக்க ஆட்களும் எடையும் எஞ்சினின் குதிரைத்திறனும் குறித்த தகடு பதிக்கப்படுகின்றது. கனடாவிலும் அத்தகைய தகடு உண்டு. தகடு இல்லாவிடத்து, நீளத்தையும் அகலத்தையும் அடிக்கணக்கிற் பெருக்கி 15-ஆல் வகுத்து ஆட்களின் தொகையை அறிவர். 14 அடி நீளமும் 5 அடி அகலமும் உள்ள தோணிக்கு 70-ஐ 15-ஆல் வகுக்க, 4 ஆட்கள். இதுவும் நல்ல வானிலைக்கே. ஆயின், தகடு ‘எவ்வளவு’ என்று சொல்லும். ‘எங்கே’ என்று சொல்லாது. அதனை ஏறுபவரே அறிதல் வேண்டும்.

நம் முன்னோர் அதனை அறிந்திருந்தனர். பாக்கு நீரிணைக் கரையில் பாய்த்தோணி செலுத்தியோர், தோணியின் குறுக்கே நீண்ட பலகை ஒன்றை வைத்து, காற்று வீசும் பக்கத்தில் அதன்மேல் ஆட்களை அமர்த்திச் சாய்வைத் தடுத்தனர். சென்னை மாகாண மீன்துறையிற் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெல் இந்தியத் தோணிகளைப் பற்றி 1920-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில் அதனை விவரித்துள்ளார். காற்று மிகுந்தால் வெளியே நகர்வதும், குறைந்தால் உள்ளே வருவதும் அவர்களுக்குக் கணக்கில்லாமலே கைவந்த கலை. அதைக் கரையில் நின்ற நாம் கற்கவில்லை. நம் பிள்ளைகளுக்குச் சொல்லவுமில்லை. அப்பிள்ளையின் கடிதம் எம்மைச் சுட்டது அதனாலேதான்.

ஆகவே, இங்குள்ள பெற்றோர்க்கு யாம் வேண்டிக்கொள்வது இது. உங்கள் மக்கள் ஏரியிலோ கடலிலோ எந்நாட்டில் தோணி ஏறினும், பின்வருவனவற்றைச் சொல்லி அனுப்புங்கள். மிதவைச்சட்டையை ஏறுமுன்னே அணிக. அமெரிக்காவில் அண்மை ஆண்டுகளிற் படகு விபத்துகளில் மூழ்கி இறந்தவருள் 10 பேரில் 8 பேருக்கு மேல் அதனை அணியாதவரே. தோணியின் நடுவிற் காலை வைத்து, உடலைத் தாழ்த்தி ஏறுக. ஓடும் தோணியில் எழாதே. ஒருவர் ஒருபக்கம் குனிந்தால் மற்றவர் அப்பக்கம் சாயாதிருக்க. வேகத்தைச் சிறிது சிறிதாகக் குறைக்க. கவிழ்ந்தால் தோணியை விட்டு நீந்திப் போகாதே. இருக்கைகளின் அடியில் மிதவைப்பொருள் பொதிந்த தோணி, கவிழ்ந்தும் மிதந்து உன்னைத் தாங்கும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, முதியோரைக் கேட்டறியச் சொல்லுங்கள். இம்மன்றத்தின் பின்வரிசையில், வள்ளம் செலுத்திய கைகளோடு பெரியவர் சிலர் அமர்ந்திருக்கின்றனர். கூட்டம் முடிந்ததும் இளைஞர்கள் எம்மிடம் வரவேண்டா, அவர்களிடம் செல்லுங்கள். அவர்கள் சொல்வதைக் கேட்க யாமும் உடன் வருகின்றோம்.