பென்ஷன் ஆணையில் மனைவியின் பெயர்

(கொடிநாளையொட்டி நம் குடியிருப்போர் நலச் சங்கக் கூட்டத்தில் பேசியது)



1949-லிருந்து ஆண்டுதோறும் டிசம்பர் 7-ஐக் கொடிநாளாகக் கடைப்பிடிக்கிறோம். உண்டியல் வந்தது, எல்லா வீட்டிலும் கொடுத்தீர்கள், சந்தோஷம். முன்னாள் ராணுவத்தினரைப் பற்றிப் பத்து நிமிடம் பேசுங்கள் என்று செயலாளர் சொன்னார். நான் பட்டாளத்துக்குப் போனவன் இல்லை. பி.காம். முடித்து பேங்கில் கிளார்க்காகச் சேர்ந்தவன். பல வருடம் பென்ஷன் கவுன்டரில் உட்கார்ந்திருந்தேன். அங்கே பார்த்ததைத்தான் சொல்ல முடியும்.

அப்போது வேறொரு ஊர்க் கிளையில் இருந்தேன். மாதம் பிறந்தால் ஒரு ஹவில்தார் வருவார். இஸ்திரி போட்ட சட்டை, ஒதுக்கிய மீசை. நாற்காலியைக் காட்டினாலும் உட்கார மாட்டார், வரிசையில்தான் நிற்பார். இரண்டு மாதம் அவரைக் காணோம். மூன்றாம் மாதம் அவர் மனைவி இறப்புச் சான்றிதழோடு வந்தார். தறி வேலைக்குப் போகிறவர்.

பென்ஷன் ஆணையில், அதாவது பி.பி.ஓ.வில், அந்த அம்மாவின் பெயர் ஒன்று. ரேஷன் கார்டில் வேறொன்று. கல்யாணமான புதிதில் வீட்டில் கூப்பிடும் பெயரை அவர் யூனிட்டில் கொடுத்திருக்கிறார். "பெயர் ஒத்துப்போகவில்லை, ரெக்கார்ட் ஆபீசுக்கு எழுதுங்கள்" என்றேன். "அது எங்க சார் இருக்கு?" என்று கேட்டார். அவர் மெட்ராஸ் ரெஜிமென்ட் என்பதால் வெலிங்டன் என்றேன். "அதுக்கு எந்த பஸ் ஏறணும்?" என்றார். நான் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டேன்.

விதிப்படி நான் செய்தது சரிதான். மூன்று தடவை அப்படித் திருப்பி அனுப்பினேன். ஒவ்வொரு தடவையும் அவருக்கு ஒரு நாள் கூலி போனது.

நான்காம் முறை, வாசலில் துப்பாக்கியோடு நிற்கும் எங்கள் காவலர் அவரை ஓரமாக உட்கார வைத்தார். அவரும் முன்னாள் படைவீரர்தான். பொதுத்துறை வங்கிகளில் கிளார்க் நிலையில் 14.5 விழுக்காடும் அதற்குக் கீழ்நிலையில் 24.5 விழுக்காடும் அவர்களுக்கு ஒதுக்கீடு உண்டு. டீ நேரத்தில் இறந்தவரின் ஆர்மி நம்பர், ரேங்க், யூனிட் எல்லாம் போட்டு ஒரு கடிதம் எழுதினார். பத்து நிமிட வேலை. குடும்ப பென்ஷன் வந்து சேர ஒன்றரை வருடம் ஆனது. அரியர்ஸ் ஏறிய அன்று அந்த அம்மா என்னிடமே வந்து சந்தோஷமாகச் சொல்லிவிட்டுப் போனார். கோபப்படவே இல்லை. திட்டியிருந்தால்கூட எனக்குத் தேவலை.

ராணுவத்தில் சிப்பாயாகச் சேர்கிறவர் பெரும்பாலும் நாற்பதைத் தொடும்போதே ஊர் திரும்பிவிடுகிறார். குறைந்தது 15 வருட சர்வீஸ் இருந்தால் பென்ஷன். பிள்ளைகள் அப்பாவை லீவுக்கு வரும் விருந்தாளியாகப் பார்த்தே வளர்ந்திருப்பார்கள். சொந்த ஊரில் கூட்டாளிகள் ஆளுக்கொரு பிழைப்பில் போயிருப்பார்கள். பேச ஆள் இல்லாமல் குடியில் விழுந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். நாம் அவர்களிடம் கேட்பது என்ன? "மிலிட்டரி சரக்கு கிடைக்குமா?" இரவில் நம் கேட்டைப் பார்த்துக்கொள்ளும் அண்ணாச்சியும் பட்டாளத்தில் இருந்தவர்தான். இந்தக் குடியிருப்பில் தன்னிடம் அதைத் தவிர வேறு எதையும் யாரும் கேட்டதில்லை என்றார். அவர் அனுமதியோடுதான் இதைச் சொல்கிறேன்.

போன மாதம் அவர் போனைக் காட்டி, "இது என்ன மெசேஜ் சார்?" என்று கேட்டார். வருடாந்தர அடையாளச் சரிபார்ப்பு, அதுதான் நாம் வாழ்நாள் சான்று என்கிறோம், இன்னும் பதிவாகவில்லை என்று வந்திருந்தது. அவரோ கொடுத்தாயிற்று என்றார். எடுத்துப் பார்த்தால், பென்ஷன் வழங்கும் அமைப்பு என்ற இடத்தில் பழைய வழக்கப்படி பேங்கின் பெயரைப் போட்டிருக்கிறார்கள். அவர் பென்ஷனோ 'ஸ்பர்ஷ்' என்ற புது முறைக்கு மாறிவிட்டது. அலகாபாத்திலிருந்து நேராகக் கணக்குக்கு வருகிறது. பேங்குக்கு அதில் பணம் வரவு வைப்பது மட்டும்தான் வேலை. சான்று போக வேண்டிய இடத்துக்குப் போகவே இல்லை. இது அவர் ஒருவருக்கு வந்த சிக்கல் அல்ல. 2022 ஏப்ரலில் இந்தச் சரிபார்ப்பு பதிவாகாததால் நாடு முழுவதும் 58,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு அந்த மாதப் பென்ஷன் உரிய நாளில் வரவில்லை. அரசு சிறப்பு விலக்கு கொடுத்த பிறகே வந்தது. மருந்துக்கும் வாடகைக்கும் அதை நம்பியிருப்பவருக்கு ஒரு வாரத் தாமதமே பெரிது.

மருத்துவத்துக்கு 2003 முதல் இ.சி.எச்.எஸ். இருக்கிறது. பென்ஷன் வாங்குபவருக்கும் குடும்ப பென்ஷன் வாங்கும் மனைவிக்கும் உண்டு. ஆனால் பாலிகிளினிக்குக்கு நம் ஊரிலிருந்து திருநெல்வேலி போக வேண்டும். முட்டி வலிக்காரர் பஸ்ஸில் போய் டோக்கன் வாங்கி, மருந்தோடு திரும்ப ஒரு நாள் ஆகிவிடும். காரில் நெல்லை போகிறவர்கள் ஒரு சீட் கொடுத்தாலே உதவி. இன்னொன்று: அவசரத்துக்குப் பட்டியலில் இல்லாத ஆஸ்பத்திரியில் சேர்த்தால், 48 மணி நேரத்துக்குள் பாலிகிளினிக்குக்குத் தகவல் சொல்ல வேண்டும். நெஞ்சுவலி வந்த வீட்டில் யாருக்கு இது ஞாபகம் வரும்? பக்கத்து வீட்டுக்காரர் நினைவுபடுத்தினால்தான் உண்டு.

2022-ல் வந்த அக்னிபத் திட்டத்தில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் நான்கு வருடத்தில் திரும்புவார்கள். சேவா நிதி என்று சுமார் 11.71 லட்சம் கையில் வரும். பென்ஷனும் கிடையாது, இ.சி.எச்.எஸ்.ஸும் கிடையாது. இருபத்தைந்து வயதுப் பையன் கையில் மொத்தமாகப் பணம் வந்தால் என்ன ஆகும் என்று பேங்க்காரனுக்குத் தெரியும். அதைத் தனியாகப் பேசுவோம்.

இப்போது ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில், சொந்தத்தில், கேட்டில், வேலைக்கு வரும் அம்மாவின் வீட்டில் பட்டாளத்தில் இருந்தவர் யாராவது இருந்தால் அவருடைய பி.பி.ஓ.வை வாங்கிப் பாருங்கள். மனைவியின் பெயரும் பிறந்த தேதியும் ஆதாரில் உள்ளபடி இருக்கிறதா? பென்ஷன் கணக்கு மனைவியோடு கூட்டுக் கணக்காக, இருவரில் யார் வேண்டுமானாலும் அல்லது பிழைத்திருப்பவர் எடுக்கலாம் என்ற முறையில் இருக்கிறதா? அவர் உயிரோடு இருக்கும்போது திருத்துவதற்கு அவர் கையெழுத்து போதும். அவர் போன பிறகு அந்த அம்மா தனியாக அலைய வேண்டியிருக்கும்.

வரும் ஞாயிறு முதல், மாதம் ஒரு ஞாயிறு, காலை 10 முதல் 12 வரை சங்க அறையில் இருப்பேன். டிஸ்சார்ஜ் புக், பி.பி.ஓ., இருவரின் ஆதார், பாஸ்புக், ஓ.டி.பி. வரும் போன், இவை வேண்டும். படி ஏற முடியாதவர் வீட்டுக்கு நானே வருகிறேன். கேட்டு அண்ணாச்சியின் வேலையை முடித்துவிட்டோம். அவர் மனைவியின் பிறந்த தேதியில் மட்டும் வருடம் மாறியிருக்கிறது. ரெக்கார்ட் ஆபீசுக்குக் கடிதம் தயார், திங்கட்கிழமை தபாலில் போகிறது.