வெயிலை வேலைக்கு வைத்த பொறியாளர்



டங்கன் மாரா, இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் சிவில் பொறியியல் பேராசிரியராக இருந்தவர். குளிர்நாட்டில் பணி, ஆராய்ந்ததோ வெயில்நாட்டுச் சாக்கடையை. 1976இல் வெளிவந்த அவருடைய நூலின் பெயரே 'வெப்ப நாடுகளில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு'.

ஐரோப்பாவுக்கென்று உருவான இயந்திர நிலையத்தை ஓர் ஏழை நாட்டு நகரத்தில் கொண்டுபோய் வைத்தால் என்ன ஆகும்? மின்சாரம் போனால் காற்றூட்டி நின்றுவிடும். உதிரிபாகம் வரும்வரை அத்தனை சாக்கடையும் ஆற்றில்தான் கலக்கும்.

இதற்கு மாற்றாக மாரா கழிவுநீர்க் குளங்களைக் கையில் எடுத்தார். முதல் குளம் ஆழமானது. கசடு அதில் படிந்து, காற்றில்லாமலே மட்குகிறது. அடுத்தது ஒன்றரை மீட்டர் ஆழம்தான். அதில் பச்சைப்பசேலென்று பாசி. பாசி விடும் ஆக்சிஜனைக் கொண்டு பாக்டீரியா கழிவைத் தின்கிறது. பாக்டீரியா விடும் கரியமில வாயுவைப் பாசி எடுத்துக்கொள்கிறது. கடைசிக் குளங்களில் உச்சிவெயில் ஏற ஏற, நீரின் பிஎச் அளவு ஒன்பதைத் தாண்டுகிறது. அந்தக் காரமும் ஒளியும் சேர்ந்து மலக்கிருமிகளைக் கொல்கின்றன. உருளைப்புழு, கொக்கிப்புழு முட்டைகள் கனத்தால் அடியில் தங்கிவிடுகின்றன. மோட்டார் இல்லை, மின்கட்டணம் இல்லை.

இந்தப் புழுமுட்டைதான் முக்கியம். உருளைப்புழுவின் முட்டை மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். கீரையோடு குழந்தையின் வயிற்றுக்குப் போகும். பச்சையாகத் தின்னும் காய்கறிக்குப் பாயும் நீரில் லிட்டருக்குச் சராசரியாக ஒரு முட்டைக்கு மேல் கூடாது என்று 1989இல் உலக சுகாதார நிறுவனம் வரம்பு வைத்தது. அதே ஆண்டு, கழிவுநீரைப் பயிருக்குப் பாதுகாப்பாகப் பாய்ச்சும் வழிகாட்டி நூலை அந்நிறுவனத்துக்காக மாராவும் சாண்டி கெய்ர்ன்கிராசும் எழுதினார்கள். குழாயையும் தொட்டியையும் மட்டும் கணக்கிட்டுக்கொண்டிருந்த துறையில், மனிதக் குடலையும் கணக்கில் சேர்த்தவர்களில் மாரா முன்வரிசைக்காரர்.

1980களின் தொடக்கத்தில் பிரேசிலின் நடால் நகரப் பொறியாளர்கள் ஏழைக் குடியிருப்புகளில் சிறிய சாக்கடைக் குழாய்களை ஆழமில்லாமல், வீடுகளின் கொல்லை வழியாகவே பதித்தார்கள். செலவு வெகுவாகக் குறைந்தது. அந்த முறையின் வடிவமைப்புக் கணக்குகளை நூலாக்கிப் பிற நாடுகளுக்குக் கொண்டுசேர்த்ததிலும் மாராவுக்குப் பெரும் பங்கு உண்டு.

குளமுறைக்கு ஒரு குறை உண்டு: நிறைய நிலம் வேண்டும். நெருக்கடியான மாநகருக்குள் இது நடக்காது. ஆனால் நிலமும் வெயிலும் இருக்கிற ஊரில்கூட இதைப் பரிசீலிக்காமல் இயந்திரத்துக்கு டெண்டர் விடுவது மக்கள் பணத்துக்குச் செய்யும் துரோகம்.

உங்கள் ஊரில் சுத்திகரிப்பு நிலையம் வருகிறதென்றால் நகராட்சியிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். மின்சாரம் போனால் இது வேலை செய்யுமா? வெளியே வரும் தண்ணீரில் லிட்டருக்கு எத்தனை புழுமுட்டை? பதிலை எழுத்தில் வாங்குங்கள்.